அக்கினி தீர்த்தத்துக்கு வந்த பால்மா டின்

மின்வாரியத்தில் வயர்மேனாக வேலை பார்த்தவன் நான். சர்வீஸில் பெரும்பகுதி ராமேஸ்வரம் தீவில்தான் கழிந்தது. உப்புக் காற்றுக்குக் கம்பியும் கிளாம்பும் சீக்கிரம் அரித்துப்போகும் என்பதால் அங்கே வேலைக்குப் பஞ்சமே இருக்காது. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே நான் ஏறாத கம்பம் குறைவு. வெளிநாடு என்று முதன்முதலாகப் போனதும் அந்தக் காலத்தில்தான். சபை ஊழியத்துக்காக, இரண்டு வாரம், இலங்கைக்கு.

சொந்த ஊர் கடலாடிப் பக்கம். மிளகாயும், மழை பெய்தால் நெல்லும் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் கிறிஸ்தவனானது நான் ஒருவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மழையில் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்து, இடது கால் முறிந்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க அவருடைய சபையார் வருவார்கள். அவர் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் எனக்காக வந்தார்கள். கஞ்சி கொண்டுவருவார்கள், கொஞ்ச நேரம் ஜெபம் செய்வார்கள், போய்விடுவார்கள். என்னை எதற்கும் கூப்பிடவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் நானாகத்தான் அவர்கள் ஆலயத்தைத் தேடிப் போனேன். பிறகு அந்தச் சபையிலேயே பெண் எடுத்தேன்.

ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்ன அன்று அய்யா மிளகாய்க் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, தனக்குக் கொள்ளி யார் வைப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அவரே முடிவும் சொல்லிவிட்டார்: "சின்னவன் வைக்கட்டும். நீ வந்து கூட நில்லு, போதும்." அவர் காலமானபோது அப்படியேதான் நடந்தது. தம்பி கொள்ளி வைத்தான். அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் வந்தவன் என் வீட்டில்தான் தங்கினான். நான் அக்கினி தீர்த்தம் வரை கூடப் போய்க் கரையில் நின்றேன். தண்ணீரில் இறங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் இருவருக்குள்ளும் மனக்கசப்பு எதுவும் வந்ததில்லை.

ராமேஸ்வரத்தில் குடியிருப்பவனுக்கு அஸ்தியும் திதியும் அன்றாடம் கண்ணில் படுகிற காரியங்கள். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள், கடலில் மூன்று முழுக்குப் போடுவார்கள், ஈரத்துணியோடு கோயிலுக்குப் போவார்கள். அந்தக் கரையோரம் லைன் வேலை பார்க்கும்போது நான் அவர்களைக் கவனித்ததுகூட இல்லை. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன்.

சுனாமி எங்கள் கரையை அவ்வளவாகத் தொடவில்லை. இலங்கை குறுக்கே கிடந்து அடியை வாங்கிக்கொண்டது என்று மீனவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் போதகர் அதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். நமக்காக அடி வாங்கியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். சில மாதங்களில் ஒரு குழு புறப்பட்டது. போதகர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பாட்டுப் பாட இரண்டு இளைஞர்கள், ஒரு தச்சர், நான். தற்காலிகப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வயரிங் செய்ய ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கேட்டிருந்ததால்தான் எனக்கு இடம் கிடைத்தது. ஆளுக்கு ஓர் ஆத்துமாவையாவது ஆண்டவரிடம் கொண்டுவர வேண்டும் என்று புறப்படும் முன் முழங்காலில் நின்று ஜெபித்தோம்.

தனுஷ்கோடி முனையிலிருந்து கடலைத் தாண்டினால் தலைமன்னார். ஆனால் கப்பல் நின்று வெகுகாலமாகிவிட்டது. திருச்சிக்குப் பஸ்ஸில் போய், விமானத்தில் கொழும்பு இறங்கி, அங்கிருந்து ஒரு பகல் முழுக்க வேனில் போய் மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரைச் சேர்ந்தோம். ஊர் என்று சொல்ல அங்கே தென்னை மரங்களும் சில வீடுகளின் அடித்தளமும்தான் இருந்தன. ஜனங்கள் கொஞ்சம் உள்ளே தள்ளித் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள்.

பகலில் நானும் தச்சரும் பள்ளிக்கூட வேலை பார்த்தோம். சாயங்காலம் பாட்டு, ஜெபம், சாட்சி. ஜனங்கள் வந்து மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள். என் முறை வந்தபோது கம்பத்திலிருந்து விழுந்ததையும் பிழைத்ததையும் சொன்னேன். எங்கள் ஊரில் அந்தச் சாட்சியைச் சொல்லும்போது பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அங்கே எதிரில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தபோது பாதியிலேயே எனக்கு வார்த்தை குறைந்துவிட்டது. பிள்ளைகளை வாரிக்கொடுத்தவர்கள் முன்னால் ஒரு கால் முறிந்த கதையை எவ்வளவு நேரம் சொல்வது? சீக்கிரமாக முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நாளிலிருந்தே ஒருவர் எனக்கு ஒத்தாசைக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். கடலோரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடையும் போய்விட்டது, வீடும் போய்விட்டது, மனைவியும் போய்விட்டார். ஒரே மகள் வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். நான் ஏணியில் ஏறும்போது என் இடது கால் கொஞ்சம் தாமதமாக வருவதைக் கண்டவர், யாரும் சொல்லாமலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் இறங்கும் வரை அங்கிருந்து நகர மாட்டார். வேலைக்கு நடுவே அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, சேர்ந்தும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலக் கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசையில் இருப்பார், எழுந்து போய்விடுவார். இவரைத்தான் ஆண்டவர் எனக்குக் காட்டியிருக்கிறார் என்று நான் தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். எங்களை ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் என்று மட்டும்தான் அங்கே சொல்லியிருந்தார்கள். நான் குடியிருப்பதே ராமேஸ்வரந்தான் என்றேன். சோற்றில் இருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பிறகு தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். கல்யாணமான புதிதில் இருவரும் ராமேஸ்வரம் வரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். புறப்பட இருந்த நேரத்தில் நாட்டில் கலவரம் வந்துவிட்டது. பிறகு கப்பலும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் சண்டை. அந்த அம்மாள் வருஷா வருஷம் அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அலை போன பிறகு இரண்டாம் நாள் உடல் கிடைத்தது. சொந்தக்காரர்கள் வயலோரம் வைத்து எரித்தார்கள். இவர் சாம்பலில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒரு டின்னைக் கொண்டுவந்தார். பால் பவுடரை அங்கே பால்மா என்கிறார்கள். அந்தப் பால்மா டின்னின் மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"இந்தக் கடலில கரைக்க எனக்கு மனம் வரேல்ல. இதுதானே அவளைக் கொண்டுபோனது" என்றார். "நீங்க போகக்குள்ள கொண்டுபோய் ராமேஸ்வரத்தில கரைச்சு விடுவீங்களா?"

அவரே மறுபடியும், "உங்கட கடவுள் கோவிப்பாரோ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றும், கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். சரி என்று டின்னை எடுத்துக்கொண்டு, அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்தார்.

அடுத்த நாள் காலை ஜெபத்தில் இதை எடுத்தேன். தலைமையாசிரியை அம்மா முதலில் பேசினார். அவர் கோபக்காரர் அல்ல, ஆனால் நினைத்ததை வளைக்காமல் சொல்வார். அஸ்தியைத் தீர்த்தத்தில் கரைத்தால் செத்தவருக்கு ஏதோ நடக்கும் என்று அவர் நம்புகிறார், அதை நாம் தூக்கிக்கொண்டு போனால் ஆமாம் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும், எதைச் சொல்ல வந்தோமோ அதற்கு நேர் எதிரானதைச் செய்துவிட்டுப் போவோம் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் அய்யாவுக்கே நான் கரையில்தான் நின்றேன். இந்த மனிதருக்காக மட்டும் என்ன வந்தது?

தச்சர், மனிதாபிமானத்துக்காகச் செய்யலாம் என்றார். இளைஞர்கள் இரண்டு பேரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் வேதாகமத்தை மூடி வைத்தார்.

"நாம இங்க வந்ததுலருந்து இவங்களுக்கு என்ன வேணும்னு நாமளே முடிவு பண்ணிக் குடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். "வாயைத் திறந்து இது வேணும்னு கேட்டது இவரு ஒருத்தருதான். நான் கொண்டுபோங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நீங்க ஜெபிச்சிட்டு முடிவு எடுங்கண்ணே."

ஜெபித்தேன். எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை, சொப்பனமும் வரவில்லை. அன்றும் அவர் வந்து ஏணியைப் பிடித்தார். டின்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே நின்று ஹோல்டரை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் என் நெற்றியில் திருநீறு இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். அழித்துவிட்டுக் குடி என்று சொல்லவில்லை. அவர்கள் அன்று தங்கள் நம்பிக்கையில் எதையும் குறைத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கீழே இறங்கி, டின்னைக் கொண்டுபோகிறேன் என்றேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். "சடங்கு நான் செய்ய மாட்டேன். எங்க ஊர்ல என் தம்பி இருக்கான், அவன் உங்க மாதிரிச் சாமி கும்பிடுறவன். அவனைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்றேன். அது போதுமா?"

"உங்கட தம்பி செய்தா நீங்க செய்த மாதிரித்தானே" என்றார்.

மரணச் சான்றிதழின் நகலையும், நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரியான கிராம சேவகரிடம் ஒரு கடிதத்தையும் வாங்கித் தந்தார். மனைவியின் பெயரையும் பிறந்த ஊரையும் நான் மறக்காமல் இருக்க இரண்டு தடவை சொல்லச் சொன்னார். புறப்படும் நாளில் பள்ளிக்கூடத்தில் விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது. பிள்ளைகள் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேன் வரை வந்தார். என்னைக் கட்டிக்கொள்ளவோ அழவோ இல்லை. டின்னைச் சாய்க்காமல் வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வழி நெடுகச் சாலை மோசம். மடியில் வைத்திருந்த டின் ஆடிக்கொண்டே இருந்தது. முன் சீட்டிலிருந்து தலைமையாசிரியை அம்மா தன் பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். இதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் கருத்து மாறவில்லை, அதையும் சொன்னார். ஆனால் மூடி திறந்து கொட்டிவிடக் கூடாது அல்லவா என்றார். திருச்சி விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் துண்டை விலக்கி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். காகிதங்களைப் பார்த்தார். சுனாமியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவரே துண்டைப் பழையபடி சுற்றித் தந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் உடனே சரி என்பான் என்று நினைத்தது தப்பாகிவிட்டது.

"அண்ணே, செய்யிறதுக்கு எனக்கு ஒன்னுமில்ல. ஆனா மகளுக்குத் தேதி குறிச்சாச்சு. கல்யாண வீட்டுல இருந்துக்கிட்டு இந்தக் காரியத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாகல்ல. கல்யாணம் முடியட்டும், நானே வாரேன்."

அவனைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் மனசாட்சி இருக்கிறது. ஆக, டின் எங்கள் வீட்டிலேயே தங்கியது. பீரோவின் மேல் வைத்தேன். அந்த அறையில்தான் நாங்கள் குடும்ப ஜெபம் செய்வோம். என் மனைவி பிறவிக் கிறிஸ்தவள். அவளுக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. நீங்களே ஒரு நடை போய்க் கரைத்துவிட்டு வந்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டாள். தம்பியை வைத்துச் செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் அன்றைய ஜெபத்தில் அந்த மனிதருக்காகவும் அரபு நாட்டில் இருக்கும் மகளுக்காகவும் அவளே வேண்டிக்கொண்டாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேறு யாருக்காகவும் இவ்வளவு தொடர்ச்சியாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெபித்ததில்லை.

அவர் ஒரு தடவை போன் செய்தார். கல்யாண விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். நல்ல காரியம் முதலில் நடக்கட்டும், பிள்ளைக்குத் தன் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்றார்.

கல்யாணம் முடிந்து, மறுவீடு எல்லாம் ஆன பிறகு தம்பி கடலாடியிலிருந்து பஸ் ஏறி வந்தான். காலையிலேயே அக்கினி தீர்த்தத்துக்குப் போனோம். புரோகிதர், இறந்தவர் என்ன உறவு என்று கேட்டார். "எங்க அண்ணனுக்கு வேண்டியவரு சம்சாரம். இலங்கை. கடல்ல போயிட்டாக" என்றான் தம்பி. கோத்திரம் தெரியவில்லை. தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் புரோகிதர். அந்த அம்மாளின் பெயரையும் ஊரையும் நான்தான் சொன்னேன்.

கரையில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, டின்னோடு தம்பி தண்ணீரில் இறங்கினான். அவன் கொல்லைக்காட்டு ஆள். கடல் என்றால் அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். அங்கே தண்ணீர் ஆழமில்லை. ஆனால் முழுக்குப் போட்டவர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் அடியில் கிடந்து காலைச் சுற்றும். நாலடி போனவன் தடுமாறி நின்று திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, கூட வா."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அவன் விழுந்துவிடுவான் போல இருந்தது, போனேன். இடுப்பளவு தண்ணீரில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி டின்னைக் கவிழ்த்தான். சாம்பல் கொஞ்ச நேரம் மேலே மிதந்து பிறகு பரவியது. நான் என் ஆண்டவரிடம், என் வார்த்தையில், தனியாக இருக்கிற அந்த மனிதருக்கு ஆறுதல் தாரும் என்று கேட்டேன். தம்பி மூன்று முழுக்குப் போட்டான். நான் போடவில்லை. அவன் எழும்போதெல்லாம் பிடித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அவருக்குப் போன் செய்து, முடிந்தது என்றேன்.

"தண்ணி எப்பிடி இருந்தது? அலை இருந்ததோ?" என்று கேட்டார்.

"அலையே இல்ல. அங்கன எப்பவும் குளம் மாதிரித்தான் இருக்கும்" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவர் அழுதார். நான் போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சபையில் ஊழிய அறிக்கைக் கூட்டம் நடந்தது. குழுவில் போனவர்கள் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு மூப்பர் கேட்டார். என் மூலமாக ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, டின்னைப் பற்றி முழுவதும் சொன்னேன். ஆலயத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் அப்போது சபைக் கமிட்டி உறுப்பினர். கமிட்டியில் இருக்கிறவர் இப்படிச் செய்யலாமா என்றார்கள். தண்ணீரில் இறங்கினீர்களா, முழுக்குப் போட்டீர்களா என்றெல்லாம் கேள்வி வந்தது. பொறுமையாகப் பதில் சொன்னேன். தலைமையாசிரியை அம்மா எழுந்து, தான் அன்று சொன்னதையே இன்றும் சொல்வதாகவும், ஆனால் இந்தச் சகோதரர் எதையும் மறைக்காமல் செய்தார் என்பதற்குத் தான் சாட்சி என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த தேர்தலில் என்னைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. கொஞ்ச நாள் அது உறுத்தியது. சிலர் ஆலய வாசலில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள். ஆனாலும் ஆலயத்து மைக் செட்டும் விளக்கும் பழுதானால் என்னைத்தான் கூப்பிட்டார்கள், நானும் போனேன். போதகர் மாற்றலாகிப் போகும் வரை அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை.

இலங்கையில் மறுபடி சண்டை மூண்டது. அந்த ஊர் ஜனங்கள் திரும்பவும் இடம்பெயர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர் தந்திருந்த போன் எண் வேலை செய்யவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் நானும் மனைவியும் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தோம். தெரியாத ஒன்றுக்காகத் தினமும் ஜெபிப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அந்த வருஷங்களில்தான். அதற்கு முன் நான் ஜெபித்ததெல்லாம் பதில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே ஜெபித்தது.

சண்டை ஓய்ந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு பெண் போன் செய்தாள். அவருடைய மகள். அரபு நாட்டிலிருந்து திரும்பிவிட்டாளாம். அப்பா பக்கத்தில் இருக்கிறார், கதைக்கிறீர்களா என்று கேட்டு அவரிடம் கொடுத்தாள். வேறு ஊரில் சின்னதாகச் சைக்கிள் கடை போட்டிருப்பதாகச் சொன்னார். என் கால் எப்படி இருக்கிறது, இன்னும் ஏணி ஏறுகிறேனா என்று விசாரித்தார். ஏறத்தான் செய்கிறேன், ஆனால் கீழே நின்று பிடிக்கிறவர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை எடுத்துவிடுகிறார்கள் என்றேன். சிரித்தார்.

நீங்கள் இப்போது என்ன நம்பிக்கையில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது உங்கள் தம்பி பெயரையும் உங்கள் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். நாங்களும் உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்றேன். மகள் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்புவதாகவும், குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் சொன்னார். விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். என் மனைவி அன்றே பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.